விலையும் உரிமையும்: கர்ட் ஃப்ளட்டை முன்வைத்து

ஆண்டுக்கு 90,000 டாலர் ஊதியம் வாங்கும் ஒருவர் தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்ளலாமா? 1970 ஜனவரியில் ஹோவர்ட் கோசெல் என்ற புகழ்பெற்ற விளையாட்டுச் செய்தியாளர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏறத்தாழ இந்தக் கேள்வியைத்தான் கர்ட் ஃப்ளட்டிடம் கேட்டார். கூலி எவ்வளவு கொடுத்தாலும் அடிமை அடிமைதான் என்று ஃப்ளட் பதில் சொன்னார். சராசரி அமெரிக்கக் குடும்பம் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டிச் சம்பாதித்த காலம் அது. கேட்டவர்களில் பலருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கோபம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டது. ஒரு மனிதனின் உழைப்புக்கு என்ன விலை என்பது ஒன்று. அந்த விலையை யாரிடம் பேசுவது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பது இன்னொன்று. ஃப்ளட்டின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சார்ல்ஸ் கர்டிஸ் ஃப்ளட் 1938 ஜனவரி 18 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் கலிபோர்னியாவின் ஓக்லண்டில். அவர் படித்த மெக்லைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலிருந்துதான் ஃபிராங்க் ராபின்சனும் வேடா பின்சனும் வந்தார்கள். கூடைப்பந்து மேதை பில் ரஸ்ஸலும் அதே பள்ளிதான். 1956இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி 4,000 டாலர் ஊதியத்தில் ஃப்ளட்டை ஒப்பந்தம் செய்து, தென்மாநிலங்களில் இருந்த தன் துணை அணிகளுக்கு அனுப்பியது.

ஓக்லண்டில் வளர்ந்த பையனுக்குத் தென்மாநிலங்கள் வேறு ஒரு நாடாகவே இருந்தன. வட கரோலினாவிலும் அடுத்த ஆண்டு ஜார்ஜியாவின் சவானாவிலும் ஆடினார். அணி பேருந்தில் ஊர் ஊராகச் செல்லும்போது வெள்ளை வீரர்கள் உணவகத்துக்குள் அமர்ந்து சாப்பிடுவார்கள். இவருக்குப் பின்வாசல், அல்லது பேருந்துக்குள்ளேயே ஒரு பொட்டலம். சவானாவில் சக வீரர்களோடு ஒரே அறையில் உடைமாற்றவும் அனுமதியில்லை. அவருக்கென்று தனியே ஒரு தடுப்பு. களத்தில் அவர் அடித்த பந்துகளுக்குக் கைதட்டிய அதே கூட்டம்தான் வாய்க்கு வந்தபடி வசைபாடவும் செய்தது. பதினெட்டு வயதில் பல இரவுகள் அறையில் தனியே அழுததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1957 டிசம்பரில், குளிர்கால ஆட்டங்களுக்காக வெனிசுலாவில் இருந்தபோது ஒரு தந்தி வந்தது. ரெட்ஸ் அணி அவரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற வழக்கமும் இல்லை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இனி ஒருமுறை இப்படி நடக்க விடமாட்டேன் என்று அன்றே மனதுக்குள் உறுதி செய்துகொண்டார். அந்த உறுதிக்குச் சோதனை வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

இங்கே ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் வெளிக்களத்தைக் காப்பவர்கள் மூவர். அவர்களில் நடுவில் நிற்பவர் சென்டர் ஃபீல்டர். மூவரிலும் அதிகப் பரப்பு அவருடையது. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் எல்லைக்கோட்டருகே நிற்கும் மிகச் சிறந்த தடுப்பாளரை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே பந்து மட்டையில் படும் ஓசையை வைத்தே எந்தத் திசையில், எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று முடிவெடுத்துவிட வேண்டும். முதல் அடி தவறினால் மீள முடியாது. அந்த முதல் அடியில்தான் ஃப்ளட்டின் மேதைமை இருந்தது. 1963 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து, சிறந்த தடுப்பாளருக்கான கோல்ட் க்ளவ் விருது அவருக்குக் கிடைத்தது. 1966ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஒரு பிழைகூடச் செய்யவில்லை. 1965இல் தொடங்கி 1967 வரை நீண்ட அந்தப் பிழையற்ற ஓட்டம் 226 ஆட்டங்களைத் தொட்டது. 1968 ஆகஸ்டில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் அவரை அட்டையில் போட்டு, பேஸ்பாலின் தலைசிறந்த சென்டர் ஃபீல்டர் என்று எழுதியது. வில்லி மேஸ் இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிச் சொல்லப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மட்டையாளராகவும் அவர் சோடையில்லை. ஆறு பருவங்களில் சராசரி .300ஐத் தாண்டினார். மூன்று முறை ஆல் ஸ்டார் அணியில் இடம்பெற்றார். 1964இலும் 1967இலும் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றபோது அந்த அணியின் அச்சாணிகளில் ஒருவராக இருந்தார்.

1964 உலகத் தொடர் வெற்றிக்குப் பிறகு நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பலரும் கடந்து சென்றுவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. கலிபோர்னியாவின் அலமோ என்ற ஊரில் ஃப்ளட் தன் குடும்பத்துக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். குடிவருபவர் கறுப்பர் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் தரப்பு துப்பாக்கியைக் காட்டி மிரட்டியது. சில நாட்களுக்கு முன் உலகத் தொடரை வென்ற வீரருக்கு இதுதான் வரவேற்பு. ஃப்ளட் நீதிமன்றம் சென்றார். தடையாணை பெற்றார். காவலர் துணையோடு அந்த வீட்டில் குடியேறினார். ஓசைப்படாமல் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். சட்டம் தன் பக்கம் நிற்கும் என்று நம்பிக் கதவைத் தட்டினார். அந்த முறை கதவு திறந்தது. ஐந்தாண்டுகள் கழித்து அவர் செய்ததைத் திடீர் ஆவேசம் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்பே, 1962இல், ஜாக்கி ராபின்சனுடன் மிசிசிப்பிக்குச் சென்று குடியுரிமைக் கூட்டத்தில் மேடையேறியவர் அவர்.

1968 அக்டோபர் 10. உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் வரை கார்டினல்ஸும் டெட்ராய்ட் டைகர்ஸும் ஓட்டமெடுக்கவில்லை. டைகர்ஸின் ஜிம் நார்த்ரப் அடித்த பந்து நேராக ஃப்ளட்டை நோக்கி வந்தது. அவர் முதல் அடியை முன்னால் வைத்தார். பந்தோ பின்னால் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது கால் வழுக்கியது. பந்து தலைக்கு மேல் பறந்தது. இரண்டு பேர் ஓட்டமெடுத்தார்கள். 4-1 என்று கார்டினல்ஸ் தோற்றது. இருநூறு ஆட்டங்களுக்கு மேல் பிழையின்றி ஆடிய மனிதரின் பெயரோடு ஒரே ஒரு தவறான அடி ஒட்டிக்கொண்டது. அடுத்த பருவத்துக்கு அவர் கேட்டது 90,000 டாலர், ஒரு டாலர் குறைந்தாலும் முடியாது என்றார். கிடைத்தது. ஆனால் அணியின் உரிமையாளரும் மதுவடிப்பு நிறுவன முதலாளியுமான கஸி புஷ், 1969 மார்ச்சில் வீரர்களையெல்லாம் உட்கார வைத்து, அவர்களுடைய பேராசையைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் உபதேசம் செய்தார். அந்தப் பருவம் முடிந்த கையோடு, அக்டோபர் 8 அதிகாலையில், நிர்வாகத்தின் நடுத்தரப் பொறுப்பில் இருந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஃப்ளட்டும் இன்னும் மூன்று வீரர்களும் பிலடெல்பியா ஃபில்லீஸ் அணிக்குப் போகிறார்கள். மாற்றாக டிக் ஆலன் முதலிய மூவர் செயின்ட் லூயிஸுக்கு வருகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு உறவு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துபோயிற்று.

இதைச் சாத்தியமாக்கியது ரிசர்வ் ஷரத்து என்ற தக்கவைப்பு விதி. 1879இல் அணி முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் இரகசிய உடன்பாட்டில் தொடங்கியது அது. வீரர் கையெழுத்திடும் ஒப்பந்தம் முடிந்தபின், அணி விரும்பினால் அதை மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்பதே எழுத்தில் இருந்தது. நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கிறது, ஆகவே அதையும் நீட்டிக்கலாம், அதற்கடுத்ததையும் நீட்டிக்கலாம் என்று முதலாளிகள் வியாக்கியானம் செய்தார்கள். ஓராண்டு ஆயுள்காலமாயிற்று. அணி வீரரை விற்கலாம், மாற்றலாம், நீக்கலாம். வீரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: விளையாட்டையே விட்டுவிடுவது. ஒரு தச்சரோ கணக்கரோ முதலாளி பிடிக்கவில்லை என்றால் எதிர்க்கடைக்குப் போகலாம். பேஸ்பால் வீரருக்கு எதிர்க்கடையே கிடையாது. ஏனென்றால் எல்லாக் கடைகளும் ஒரே உடன்பாட்டில் இருந்தன.

பிற தொழில்களில் இத்தகைய கூட்டு ஏற்பாட்டை ஏகபோகத் தடுப்புச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அன்று என்று ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. 1953இல் அந்த விலக்கு மீண்டும் உறுதி செய்யப்பட்டது. குத்துச்சண்டைக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கிடைக்காத சலுகை அது.

ஃப்ளட் வீரர்கள் சங்கத்தின் தலைமை நிர்வாகி மார்வின் மில்லரைச் சந்தித்தார். மில்லர் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பழுத்தவர். பொய் நம்பிக்கை கொடுக்கும் வழக்கம் இல்லாதவர். வழக்கு தோற்கவே வாய்ப்பு அதிகம், வென்றாலும் உங்களுக்கு நஷ்டஈடு கிடைக்காது, பயிற்சியாளர் வேலையோ நிர்வாகி வேலையோ இனி யாரும் தரமாட்டார்கள் என்றெல்லாம் அடுக்கினார். மற்ற வீரர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் இதனால் பயன் உண்டா என்று ஃப்ளட் கேட்டார். உண்டு என்றார் மில்லர். அது போதும் என்றார் ஃப்ளட். அவர் பிலடெல்பியா போயிருந்தால் ஓர் இலட்சம் டாலர் காத்திருந்தது. வயது முப்பத்தொன்று, இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆட்டம் மிச்சமிருந்தது.

1969 டிசம்பர் 24 தேதியிட்டுப் பேஸ்பால் ஆணையர் பௌவி கூனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியபின், தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் கூடிய உடைமையாகத் தன்னைக் கருத முடியவில்லை என்றும், பிற அணிகளின் அழைப்புகளையும் பரிசீலிக்கத் தனக்கு உரிமை உண்டு என்றும் அதில் சொன்னார். கடிதத்தின் தொனியில் கொந்தளிப்பு இல்லை. மரியாதையான அலுவல் கடிதம். ஆணையர் மறுத்தார். 1970 ஜனவரியில் வழக்கு தொடரப்பட்டது.

வழக்கின் கதையில் என்னை மிகவும் உறுத்துவது விசாரணை அறையின் காலி நாற்காலிகள். 1970 மே, ஜூன் மாதங்களில் நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது, உடல்நலம் குன்றியிருந்த ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். ஹாங்க் கிரீன்பெர்க் வந்தார். முன்னாள் அணி உரிமையாளர் பில் வீக் வந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட வரவில்லை. வீரர் பிரதிநிதிகள் ஒருமனதாக வாக்களித்து வழக்குக்குப் பணம் தந்தது உண்மைதான். ஆனால் பணம் தருவதற்கும் வந்து உட்காருவதற்கும் வேறுபாடு உண்டு. அச்சம் அவர்களைத் தடுத்தது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. புரிந்துகொண்ட பிறகும் அந்தக் காலி நாற்காலிகள் கண்ணைவிட்டு அகல மறுக்கின்றன.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதியரசர் பிளாக்மன் எழுதிய தீர்ப்பு விசித்திரமான ஆவணம். அதன் முதற்பகுதி பேஸ்பாலின் புகழ் பாடுகிறது, பழைய வீரர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறது. பெரும்பான்மையில் இருந்த நீதியரசர்களில் இருவரே அந்தப் பகுதியில் சேர மறுத்தார்கள். பிறகு வாதத்துக்கு வரும்போது, பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு என்பது முரண்பாடு என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஐம்பதாண்டுகளாக நிலைத்துவிட்ட முரண்பாடு, திருத்த வேண்டுமானால் நாடாளுமன்றம் திருத்தட்டும் என்று முடிக்கிறது. தவறு என்று தெரிகிறது, பழையது என்பதால் இருக்கட்டும் என்ற இந்த நியாயத்தை நாம் எந்தச் சமூகத்தில்தான் கேட்டதில்லை?

தீர்ப்பு வரும் முன்பே ஃப்ளட் உடைந்துபோயிருந்தார். 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. கடன்கள் கழுத்தை நெரிக்க, 1971இல் 110,000 டாலருக்கு வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியில் சேர்ந்தார். பதின்மூன்று ஆட்டங்கள், ஏழு ஹிட்கள். கால்கள் பழைய வேகத்தை மறந்திருந்தன. வசைக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஏப்ரல் இறுதியில் ஒரு தந்தி அனுப்பிவிட்டு ஐரோப்பாவுக்கு விமானம் ஏறினார். ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு மதுக்கடை நடத்தினார். குடி அவரை விழுங்கியது. எழுபதுகளின் நடுவில் நாடு திரும்பி, நீண்ட போராட்டத்துக்குப் பிறகே அதிலிருந்து மீண்டார்.

அவர் இல்லாதபோதுதான் கோட்டை சரிந்தது. 1973இல், பத்தாண்டு ஆடி, கடைசி ஐந்தாண்டுகள் ஒரே அணியில் இருந்த வீரரை அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற விதி வந்தது. ஃப்ளட்டின் பெயராலேயே அதைச் சொல்பவர்கள் உண்டு. 1969இல் அந்த விதி இருந்திருந்தால் அவர் செயின்ட் லூயிஸிலேயே இருந்திருப்பார். 1975 டிசம்பர் 23 அன்று, ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பந்தெறிபவர்களின் வழக்கில் பீட்டர் சைட்ஸ் என்ற மத்தியஸ்தர், ஓராண்டு நீட்டிப்பு என்றால் ஓராண்டுதான் என்று தீர்ப்புச் சொன்னார். ரிசர்வ் ஷரத்து செத்தது.

ஆகவே வீரர்களுக்கு விடுதலை பெற்றுத் தந்தவர் ஃப்ளட் என்று சொல்வது வரலாற்றுப்படி சரியன்று. அவர் தோற்றவர் என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தின் தகவல்கள் சரி, முடிவு சரியில்லை என்பது என் கருத்து. சைட்ஸின் தீர்ப்பு ஒப்பந்தத்தின் ஒரு சொற்றொடருக்குப் பொருள் சொன்னது. அப்படிப் பொருள் கேட்கலாம் என்ற துணிவு வீரர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1969க்கு முன் பெரும்பாலான வீரர்களே ரிசர்வ் ஷரத்து இல்லாவிட்டால் ஆட்டம் அழிந்துவிடும் என்று நம்பினார்கள். ஒருவர் முதலில் நின்று தன் வாழ்வைப் பணயம் வைத்த பிறகே மற்றவர்களுக்கு அது ஒரு விதி, இயற்கை நியதியில்லை என்று தெரிந்தது.

இன்னொரு ஆட்சேபம், இது கோடீசுவரர்களின் சண்டை என்பது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற வெளிக்கள வீரர் நியூயார்க் மெட்ஸ் அணியோடு பதினைந்து ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தபோது, இதற்காகவா ஃப்ளட் அழிந்தார் என்று கேட்கத் தோன்றியிருக்கலாம். அந்தப் பணம் முன்பும் இருந்தது என்பதே இதற்குப் பதில். அது முதலாளிகளின் பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான். அதோடு, ஃப்ளட் கேட்டதன் எல்லை கோடீசுவரர்களோடு நிற்கவில்லை. அவர் மறைந்தபின் 1998இல் நிறைவேறிய கர்ட் ஃப்ளட் சட்டம், மேஜர் லீக் வீரர்களுக்கு மட்டுமே ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைத் தந்தது. சொற்ப ஊதியத்துக்கு ஆடும் கீழ்நிலை லீக் வீரர்களை அது வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. பதினெட்டு வயதில் பேருந்தில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்த ஃப்ளட்டும் அப்படிப்பட்ட ஒரு வீரர்தான். அவர் பெயரிட்ட சட்டம் அந்தப் பையனைத் தொடவில்லை. அவர்களுக்கென்று சங்கப் பிரதிநிதித்துவம் கிடைக்க 2022 வரை ஆயிற்று.

ஃப்ளட் 1997 ஜனவரி 20 அன்று, ஐம்பத்தொன்பது வயது நிறைந்து இரண்டு நாட்களில், தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் புகழ்மண்டபத்தில் இன்றுவரை அவருக்கு இடமில்லை. பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் 75 விழுக்காடு தேவை. எந்த ஆண்டிலும் அவர் 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2020இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவருக்காகக் கடிதம் எழுதினார்கள். நடக்கவில்லை. மார்வின் மில்லர் 2019 டிசம்பரில் தேர்வானார். வழக்கை எதிர்த்து நின்ற ஆணையர் கூன் அதற்கு முன்பே உள்ளே இருக்கிறார். 2024 டிசம்பரில் டிக் ஆலனும், மறைந்து நான்காண்டுகளுக்குப் பின், தேர்வானார். ஆலன் அதற்கு முற்றிலும் தகுதியானவர். பிலடெல்பியாவின் இனவெறியை ஆண்டுக்கணக்கில் தாங்கியவர். ஆனால் அந்த 1969 பரிமாற்றத்தின் ஒரு முனையில் இருந்தவர் மண்டபத்துக்குள்ளும் மறுமுனையில் இருந்தவர் வெளியேயும் நிற்கிறார்கள்.

அவருடைய எண்கள் போதாது என்கிறார்கள். சராசரி .293, ஹிட்கள் 1,861, ஹோம் ரன்கள் 85. முப்பத்தொரு வயதோடு நின்றுபோன எண்கள் இவை. பிலடெல்பியாவுக்குப் பெட்டியைக் கட்டியிருந்தால் இன்னும் சில நூறு ஹிட்கள் சேர்ந்திருக்கும். ஒருவேளை மண்டபக் கதவும் திறந்திருக்கும். எந்தச் செயலுக்காக அவரை நினைவுகூர வேண்டுமோ அந்தச் செயலே அவருடைய கணக்கைக் குறைத்தது. அந்தக் குறைவையே காட்டி அவரை வெளியில் நிறுத்துவது, ஃப்ளட் ஒரு ஏடு, ஏட்டில் எழுதிய எண்களே அவர் என்று எண்ணுவதற்குச் சமம். முதலாளிகளும் அவரை அப்படித்தான் எண்ணினார்கள்.

1994-95 வேலைநிறுத்தத்தின்போது ஃப்ளட் வீரர்கள் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசினார். அறையில் இருந்த வீரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1970இல் குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. இனி வரப்போகிறவர்களுக்குப் பயன் உண்டா என்று மில்லரிடம் அவர் கேட்டது இவர்களை நினைத்துத்தான். விசாரணை அறையில் காலியாகக் கிடந்த நாற்காலிகளுக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். புகழ்மண்டபம் இன்னும் தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். ஆனால் ஆட்டத்தைப் பார்க்கிற நாம் ஒரு வீரரின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட தொகையைக் கண்டு வியக்கும்போதும் முகம் சுளிக்கும்போதும், அந்தத் தொகையைப் பேசும் உரிமை அவரிடம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஃப்ளட் 1969இல் கேட்டது அதைத்தான்.